பாவ்லா அம்மா சொன்ன வார்த்தை

கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இறால் உரிக்கும் ஷெட்டில் சின்னம்மாள் இருபத்திரண்டு வருஷமாக வேலை செய்கிறாள். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனிகள் எப்போதும் சுருங்கியே கிடக்கும். அந்த விரலைச் செல்போன் மதிக்காது. எத்தனை தடவை தேய்த்தாலும் திறக்காது. மகள் பிரிசில்லா சிரிப்பாள்: "உன் கையில ரேகையே இல்லம்மா. போனு உன்ன மனுஷின்னே ஒத்துக்க மாட்டேங்குது."

அந்தப் பிரிசில்லா இப்போது இத்தாலியில் இருக்கிறாள். சிதம்பரத்தில் விடுதியில் தங்கி, கடல் உயிர்களைப் பற்றிக் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. ஒரு செமஸ்டர் அங்கே போய்ப் படித்துவர அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். தங்க ஒரு குடும்பத்தின் வீட்டையும் ஏற்பாடு செய்தார்கள். அப்பன் கண்ணாயிரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "போப்பாண்டவர் இருக்கிற தேசம்டி. நீ எதுக்குப் பயப்படுற?" என்று சின்னம்மாளைக் கேட்டான்.

சின்னம்மாளுக்குப் பயம் அந்த வீட்டு அம்மாளின் பெயரைக் கேட்ட அன்றே தொடங்கிவிட்டது. பெயர் பாவ்லா.

"பேரே பாவ்லாவா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிக்கும் ராசம்மாள். கண்ணாயிரத்தின் தங்கை அவள். "அப்ப பாசம் காட்டுறதும் பாவ்லாவாத்தான் இருக்கும். பாத்துக்க அண்ணி."

ஷெட்டே சிரித்தது. சின்னம்மாளும் சிரித்து வைத்தாள்.

இத்தாலி போன பத்தாம் நாள் பிரிசில்லா வீடியோவில் வந்தாள். பின்னால் வெள்ளை முடியும் பெரிய கண்ணாடியுமாக அந்த அம்மாள். போனை வைக்கிற நேரத்தில் அவள் முன்னால் வந்து, பல் தெரியச் சிரித்துக் கையை ஆட்டி, "சாவ்! சாவ்!" என்றாள். படம் அணைந்துவிட்டது.

சின்னம்மாள் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். தப்பாகக் காதில் விழுந்திருக்கும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே சிரிப்பு, அதே கையாட்டல், அதே வார்த்தை. மகளிடம் கேட்டுவிடலாம்தான். ஆனால் அதைக் கேட்க அந்த வார்த்தையைத் தன் வாயால் சொல்ல வேண்டுமே! கடல் கடந்து இருக்கிற பிள்ளையைப் பார்த்துப் பெற்றவள் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வாள்? மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். யாரிடமும் சொல்லாமல் இரண்டு மாதத்தை ஓட்டினாள்.

நவம்பர் கடைசியில் மூன்று நாள் பிரிசில்லா பேசவில்லை. "நல்லா இருக்கேன்மா, பரீட்சை இருக்கு, அப்புறம் பேசுறேன்" என்று எழுத்து மட்டும் வந்தது. சின்னம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். நன்றாக இருக்கிற பிள்ளை ஏன் குரல் கொடுக்கவில்லை?

நான்காம் நாள் காலை பத்தரை மணிக்கு ஷெட்டில் போன் அடித்தது. இத்தாலி நம்பர், ஆனால் பிரிசில்லாவுடையது அல்ல. புடவையில் கையைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்தாள். விரல் ஏறவில்லை. அடித்து அடித்து நின்றே போனது. பிறகு குரல் பதிவு ஒன்று வந்து விழுந்தது. ராசம்மாள் தன் முழங்கையால் அமுக்கித் திறந்து வைத்தாள்.

பாவ்லாவின் குரல்தான். சிரிப்பு இல்லை. மூச்சு வாங்க, அழுகையை அடக்கிக்கொண்டு கடகடவென்று பேசினாள். ஒன்றும் புரியவில்லை. நடுநடுவே மட்டும் சில சொற்கள் தெறித்தன. "மம்மா... பிரிசில்லா... ஓஸ்பெதாலே... பிரிசில்லா..." கடைசியில், மெதுவாக, "சாவ்... சாவ்."

ராசம்மாளின் கையில் இருந்த இறால் தொட்டிக்குள் விழுந்தது.

"இன்னொருக்கா போடு," என்றாள் சின்னம்மாள்.

இன்னொரு தடவையும் அதேதான்.

"ஆஸ்பத்திரின்னு சொல்ற மாதிரி இருக்குது அண்ணி," என்று ராசம்மாள் முணுமுணுத்தாள். எதற்கும் வாயடிக்கிறவள், கடைசி வார்த்தையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. தனக்குக் கேட்டதுதான் அவளுக்கும் கேட்டிருக்கிறது என்று சின்னம்மாளுக்குத் தெரிந்துபோனது. இத்தனை நாளும் தன் காதுதான் தப்பு என்று நினைக்க ஒரு வழி இருந்தது. இப்போது அதுவும் இல்லை.

ராசம்மாள் பிரிசில்லாவுக்குப் போட்டுப் பார்த்தாள், எடுக்கவில்லை. கண்ணாயிரம் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றுகிறான். வேலைக்குள் போகும்போதே கேட்டில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். நாலு மணி வரைக்கும் அவனைப் பிடிக்க முடியாது.

அப்போதுதான் ஸ்ரீமதி ஞாபகத்துக்கு வந்தாள். போன வருஷம் இதே படிப்புக்கு இத்தாலி போய்வந்த பெண். பிரிசில்லா கிளம்புமுன் வீட்டுக்கு வந்து தைரியம் சொல்லிவிட்டுப் போனவள். அவளுக்கு அந்தப் பாஷை தெரியும். ராசம்மாள்தான் அவள் நம்பரையும் போட்டுக் கொடுத்தாள்.

"ஸ்ரீமதி, எங்கம்மா இருக்க?"

"காலேஜ்லதான் ஆன்ட்டி. என்ன ஆச்சு?"

போனில் சொல்ல வாய் வரவில்லை. "நான் வரேம்மா. அங்கயே இரு," என்று வைத்துவிட்டாள்.

கையைக்கூடச் சோப்பு போட்டுக் கழுவாமல் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள். ராசம்மாள் கூட வருகிறேன் என்றாள். "வேணாம், நீ வந்தா நான் அழுதுடுவேன்," என்று தடுத்துவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெபமாலையை எடுத்தாள். அருள் நிறைந்த மரியே வாழ்க என்று தொடங்கினாள். 'இப்பொழுதும் எங்கள்' என்ற இடம் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் 'மரண வேளையிலும்' என்று வரவேண்டும். நாக்கு நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றது. சிறுபிள்ளையிலிருந்து ஒரு நாள் தவறாமல் சொன்ன ஜெபம், அன்றைக்கு முடிவுக்கே வர மறுத்தது. சிப்காட் கேட் கடந்தது. உள்ளே எங்கேயோ ஒன்றும் தெரியாமல் அந்த மனுஷன் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று ஊர்கள் போயின. "மாதாவே, நீயும் புள்ளையப் பெத்தவதானே," என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

கல்லூரி வாசலில் ஸ்ரீமதி நின்றிருந்தாள். "ஆன்ட்டி, முதல்ல உக்காருங்க," என்று கையைப் பிடித்து, வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சில் உட்கார வைத்தாள். பதிவைப் போட்டுக் காதோடு வைத்துக் கேட்டாள்.

சின்னம்மாள் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தாள். முதலில் புருவம் நெரிந்தது. பிறகு உதட்டைக் கடித்தாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

"சொல்லிடும்மா," என்றாள் சின்னம்மாள். "எதுவா இருந்தாலும் சொல்லிடு. எம்புள்ள இருக்காளா?"

"என்ன ஆன்ட்டி பேச்சு இது? இருக்கா, நல்லா இருக்கா!"

"அப்ப அந்தம்மா கடைசியா ஒண்ணு சொல்றாளே."

"கடைசியாவா? என்ன சொல்றாங்க?"

அப்போதும் அவளால் சொல்ல முடியவில்லை. போனைச் சுட்டிக் காட்டினாள். ஸ்ரீமதி கடைசித் துண்டை மட்டும் போட்டாள். சாவ்... சாவ்.

ஸ்ரீமதிக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சின்னம்மாளின் கண்ணைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ ஆன்ட்டி! அது நம்ம வார்த்தை இல்ல. அவுங்க ஊர்ல போயிட்டு வரேங்கிறத அப்படித்தான் சொல்வாங்க. வரப்பவும் அதான், போறப்பவும் அதான். ஒரு நாளைக்கு நூறு தடவ சொல்வாங்க."

"சத்தியமாவா?"

"உங்க மாதா மேல சத்தியமா."

சின்னம்மாள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். சற்று நேரம் கழித்து நிமிர்ந்தாள். "அப்ப ஆஸ்பத்திரின்னது?"

ஸ்ரீமதியின் சிரிப்பு போய்விட்டது. "அது நெசம் ஆன்ட்டி. வயித்து வலி ஜாஸ்தியாகி, முந்தாநேத்து குடல்வால் ஆபரேஷன் பண்ணியிருக்காங்க. நல்லபடியா முடிஞ்சிடுச்சு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பிரிசில்லா சத்தியம் வாங்கிட்டாளாம். பாவ்லாம்மா சொல்றாங்க, நானும் ஒரு பொண்ணப் பெத்தவ, ஒரு அம்மாகிட்ட இத மறைக்க என்னால முடியல, ரெண்டு நாளா அவ கட்டில் பக்கத்துலதான் நாற்காலி போட்டுப் படுத்திருக்கேன், மன்னிச்சிடுங்கன்னு."

அந்த நம்பருக்கே ஸ்ரீமதி வீடியோ போட்டுக் கொடுத்தாள். பாவ்லா வந்தாள். தலை வாரவில்லை, கண் வீங்கியிருந்தது, மேல்சட்டை கசங்கிக் கிடந்தது. போனைக் கட்டில் பக்கம் திருப்பினாள். முகம் வெளுத்து, தலையணையில் சாய்ந்திருந்தாள் பிரிசில்லா.

"அம்மா? நீ எப்படி...?"

"ஏன்டி சொல்லல?"

"நீ பயந்துடுவன்னுதாம்மா."

"இப்ப பயப்படாமத்தான் சிதம்பரத்துக்கு ஓடியாந்தனா? பாவ்லா பாவ்லான்னு அந்தம்மா பேரச் சொல்லிச் சிரிச்சோம். பாவ்லா காட்டுனது நீதான்டி. எங்க, போர்வைய வெலக்கு. ஆபரேஷன் கட்ட நான் பாக்கணும்."

பிள்ளை காட்டினாள். வெள்ளைக் கட்டு, சின்னதுதான். சின்னம்மாள் அதை வெகுநேரம் பார்த்தாள். வலிக்குதா என்று கேட்டாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். கோழி வேகவைத்த தண்ணீரைப் பாவ்லாம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்து ஊட்டுகிறார்கள் என்றாள் பிரிசில்லா.

"அந்தம்மாகிட்டக் குடு."

பாவ்லாவின் முகம் வந்ததும் சின்னம்மாள் இரண்டு கையையும் கூப்பினாள். சுருங்கிய, இறால் வாடை அடிக்கிற கை. அந்த அம்மாளும் கூப்பத் தெரியாமல் கூப்பினாள். அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கண்ணைத் துடைத்து, கையை ஆட்டி, "சாவ், மம்மா. சாவ்!" என்றாள்.

அர்த்தம் தெரிந்த பிறகும் சின்னம்மாளின் உடம்பு ஒரு தரம் தூக்கிப்போட்டது. பதிலுக்கு அதையே சொல்லுங்க ஆன்ட்டி என்று ஸ்ரீமதி தோளைத் தொட்டாள். சின்னம்மாள் வாயைத் திறந்து பார்த்தாள். வரவில்லை.

"போயிட்டு வரேம்மா," என்றாள். "புள்ளையப் பாத்துக்க."

கடலூர் பஸ்ஸில் மறுபடி ஜன்னலோரம் கிடைத்தது. பிள்ளை வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஜெபமாலையை எடுத்தாள். அந்த இடம் வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எங்கள் மரண வேளையிலும் வேண்டிக்கொள்ளும்," என்று வேகமாகச் சொல்லி முடித்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த மணிக்கு விரலை நகர்த்தினாள்.