கொப்பியில் எழுதாத வரி

எங்கள் குழுவில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பட்டப்பெயர். மாத்தளை டவுனில் ஒரு தையல் கடைக்கு மேலே அறை எடுத்து, தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடங்களின் பழைய கம்ப்யூட்டர்களுக்காகத் தமிழிலும் சிங்களத்திலும் ஓர் இயங்குதளம் செய்துகொண்டிருந்தோம். இரத்தோட்டைக்கு மேலே மலைத் தோட்டங்களில் சிக்னல் கிடைப்பதே பெரும்பாடு. அதனால் ஒவ்வொரு வெளியீட்டிலும் தேவையில்லாததை வெட்டி, தரவிறக்கும் அளவைக் குறைப்பது என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

அந்த முறை மெய்நிகர் வட்டை இயக்கும் டிரைவர் என்ற சிறு நிரலை வெட்டினேன். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது வேண்டும், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எதற்கு என்று நினைத்தேன். வெளியிடுமுன் நாங்களே அப்படி ஓட்டித்தான் சோதிக்கிறோம் என்பது என் மரமண்டையில் ஏறவில்லை. எதை மாற்றினாலும் அறையிலிருந்த கொப்பியில் ஒரு வரி எழுத வேண்டும். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் சோதனையில் கறுப்புத் திரை. 'வட்டைக் காணவில்லை' என்று ஒரே ஒரு வரி. கொப்பியைப் புரட்டினார்கள். அந்த வாரம் இருந்த ஒரே பதிவு, இயங்குதளத்தின் அடிப்படை நிரலான கர்னலைப் புதுப்பித்த பெண்ணுடையது. மாத்தளை டவுன்காரி, சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

"கர்னல்ல கை வச்சது நீங்க மட்டுந்தானே?" என்றார் குழுத் தலைவர்.

"ஓம் சேர். என்ட பிழயாத்தான் இருக்கும்."

நோன்பு வயிற்றோடு இரண்டு நாள் மல்லுக்கட்டினாள். பழைய கர்னலைப் போட்டும் அதே வரிதான் வந்தது. அப்போதே அவள் தன்னைக் குற்றம் சொல்வதை நிறுத்தியிருக்கலாம். தான் இன்னும் எதையோ குழப்பிவிட்டதாகவே நினைத்தாள்.

எனக்கு இரண்டாம் நாள் மத்தியானம்தான் உறைத்தது. டிரைவர் பட்டியலைத் திறந்தேன், நான் வெட்டியது அதில் இல்லை. வெட்டியதைத் திரும்பச் சேர்த்து ஓட்டினேன், இயங்குதளம் ஏறியது. எல்லோரும் கை தட்டினார்கள்.

"என்ன பிரச்சினை?" என்று தலைவர் கேட்டார்.

"டிரைவர் ஒண்ணு விடுபட்டிருந்திச்சுங்க சேர்."

யார் விட்டது என்று அவர் கேட்கவில்லை. புதுக் கர்னலோடு போயிருக்கும் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்திலேயே நின்ற நான் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் வீட்டிலிருந்து எனக்கு நோன்புக் கஞ்சி கொண்டுவந்தாள். "நீங்க இல்லாட்டி என்னய வேலைய விட்டு நிப்பாட்டியிருப்பாங்க அண்ணே" என்றாள். அவள் முன்னாலேயே அதை முழுவதும் குடித்தேன். இப்போது நினைத்தாலும் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

இரண்டு வருடமாகிறது. இன்றும் எந்த மாற்றத்தையும் எனக்குக் காட்டாமல் அவள் சேர்ப்பதில்லை. "ஒருக்கா பாருங்கண்ணே, நான் பிழ விடுற ஆள்" என்பாள். பார்க்கிறேன். இதுவரை ஒரு பிழையும் கண்டதில்லை. பழைய கொப்பி அலுமாரியில் இருக்கிறது. அந்த வாரத்துக்கு நேரே இன்னும் அவள் பெயர் மட்டும்தான்.