புகைப்புரையில் தொங்கிய மொபைல்

ரப்பர் ஷீட்டைப் புகைப்புரைக்குள் தொங்கவிட்டுப் புகையில் காயவைக்கும்போது ஒரு மணம் வரும். ஆசிடும் விறகுப்புகையும் கலந்து தொண்டையைப் பிடிக்கிற மணம். உடுப்பை எத்தனை தடவை அலசினாலும் போகாது.

எனக்குக் கிடைக்க வேண்டிய முதல் வேலை அந்தப் புகையில்தான் போயிற்று...

நேற்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ கிளறிவிட்டார்கள். "மாமாவுக்க மொபைலப் புகை போட்டது ஞாபகம் உண்டா?" வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் "அவளுக்கு இப்பமும் கோவமாக்கும்" என்பார்கள்.

கோபம்தான். இங்கேயாவது சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. கேரள எல்லையில் குன்னத்துகால் பக்கம் எங்கள் வீடு. ஜூன் மாதம், இடவப்பாதி மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. அம்மாவின் தம்பி, என் மாமா, துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். சட்டைப் பையில் மொபைல். அதன் கனத்தில் சட்டையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். எங்கள் ஊர் பார்த்த முதல் மொபைல் அது. வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. ரப்பர் விளையின் மேட்டில் ஏறினால் ஒன்றிரண்டு கோடு வரும். மாமா தினமும் காலையில் குடையோடு அங்கே போய் நிற்பார். போன் வராவிட்டாலும் நிற்பார்.

நான் லேப் டெக்னீஷியன் படிப்பு முடித்துவிட்டுச் சும்மா இருந்த நேரம். எர்ணாகுளத்து ஏஜென்ட் ஒருவர் மூலமாக மஸ்கட்டில் ஆஸ்பத்திரி வேலை. இன்டர்வியூ தேதியைப் போனில் சொல்வார், சொன்ன உடனே கிளம்ப வேண்டும்.

அதுவரை எங்களுக்கு எந்தச் செய்தி வந்தாலும் ஜங்ஷன் பலசரக்குக் கடையின் பி.பி. நம்பருக்குத்தான் வரும். கடைக்காரர் ஆள் விட்டுக் கூப்பிடுவார். ஏஜென்டுக்கு அந்த நம்பரைத்தான் கொடுக்கப் போனேன். மாமா விடவில்லை.

"கடை நம்பரா? அய்யே... நம்ம கையில மொபைல் உண்டும்லா மக்களே. அதக் குடு. அப்பந்தான் ஒரு மதிப்பு."

கொடுத்தேன். ஏஜென்ட் தந்திருந்த கார்டையும் மாமா வாங்கித் தன் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

ஒரு சாயங்காலம் மாமா சேற்றுக் காலோடு வந்தார். கூரைத் தண்ணீர் பிடிக்க முற்றத்தில் வைத்திருந்த பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் தண்ணீர் கோரக் குனிந்தார். டப்... தவளை சாடியது என்று நினைத்தேன். மாமாவின் அலறலைக் கேட்டுத்தான் விஷயம் புரிந்தது.

அம்மா தண்ணீருக்குள்ளிருந்து மொபைலை எடுத்துத் துடைத்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். இடவப்பாதியில் அரிசிக்கே ஈரம். மறுநாள் எடுத்தபோது கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது, பட்டன் இடுக்கெல்லாம் சிவப்புத் தவிடு. அம்மா பழைய பல் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு பட்டனாகத் தேய்த்தாள்.

அப்போது அப்பாதான் சொன்னார்: "புகைப்புரையில தூக்குவோம். ஷீட்டே உணங்குது, இது உணங்காதா?"

பேட்டரியைக் கழற்றி, போனைத் துவர்த்துத் துண்டில் பொதிந்து, மூங்கில் கம்பில் ரப்பர் ஷீட்டுகளுக்கு நடுவே கட்டித் தொங்கவிட்டார்கள். சூடு கூடிவிடக் கூடாது என்று அப்பா தீயில் தேங்காய்ச் சிரட்டையை எண்ணி எண்ணிப் போட்டார். மாமா போய்ப் போய்த் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் வந்த பிள்ளையைக்கூட எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

நான் கேட்டேன். "மாமா, ஏஜென்டுக்க கார்டு உங்க பர்ஸில உண்டுல்லா? பூத்தில இருந்து ஒரு தடவ விளிச்சு, கடை நம்பரச் சொல்லிருவோமே?"

"மொபைல் நம்பர் குடுத்திட்டு இப்பம் பூத்தில நின்னு கடை நம்பர் சொன்னா, அவன் நம்மள என்ன நினைப்பான்? முதல்ல போன் உணங்கட்டும் பிள்ளே."

அம்மாவைப் பார்த்தேன். "மாமா சொன்னா கேளு. நாலு நாடு கண்ட ஆளாக்கும்." அப்பா புகைப்புரைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

கார்டை எடுத்துக்கொண்டு நீயே போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாமாவின் பர்ஸில் கை வைப்பதா... அந்த வீட்டில் அது நடக்காது.

மூன்று நாளோ நான்கு நாளோ கழித்து, போனுக்கு உயிர் வந்துவிட்டது! பேட்டரியைப் போட்டதும் பச்சை வெளிச்சம். அம்மா கைதட்டினாள். மாமா மேட்டுக்கு ஓடினார், நாங்களும் பின்னாலேயே ஓடினோம். கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஏஜென்ட்தான்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு வைத்தார். இன்டர்வியூ முந்தின நாளே முடிந்துவிட்டது. ஏஜென்ட் விளித்து விளித்துப் பார்த்துவிட்டு வேறொரு பெண்ணை அனுப்பிவிட்டார்.

"போட்டு மக்களே, வேற வரும்," என்றார் மாமா. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆனா சத்தம் எவ்வளவு கிளியரா கேக்குது பாத்தியா?"

வேறு வரவில்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு சின்ன லேபில் அடுத்தவர் மூத்திரக் குப்பிக்கு லேபிள் ஒட்டியே என் காலம் போயிற்று. மாமா எல்லாக் கல்யாண வீட்டிலும் அந்தப் போன் பிழைத்த கதையைச் சொல்வார். பச்சை வெளிச்சம் வந்ததோடு கதை முடிந்துவிடும். பிறகு வந்த அழைப்பு அதில் கிடையாது. பந்தி சிரிக்கும், நான் சாம்பார் விளம்புவேன்.

போன மாதம் என் மகளின் போன் பாத்ரூம் பக்கெட்டில் விழுந்தது. மறுநாள் அவளுக்கு இன்டர்வியூ. நான் போனை எடுத்துத் துடைத்து அரிசிக்குள் புதைத்தேன். அவளோ லேப்டாப்பைத் திறந்து நாலு பேருக்கு மெசேஜ் அனுப்பிவிட்டுச் சாப்பிட வந்து உட்கார்ந்தாள். "போன் போனா போட்டும்மா." இன்டர்வியூவும் நடந்தது. அரிசிக்குள் நான் வைத்த போனை அவள் கேட்கக்கூட இல்லை. எனக்குச் சந்தோஷம்தான். கொஞ்சம் பொறாமையும்.

இன்று காலை குரூப்பில் மாமாவின் வாய்ஸ் மெசேஜ். "அந்த செட்டு இப்பமும் எனக்க அலமாரில உண்டு. சார்ஜ் போட்டா ஓடும், கேட்டியளா!"

ஓடும் மாமா, ஓடாமல் என்ன...

அதைக் காப்பாற்ற நம் வீட்டில் அத்தனை பேர் இருந்தார்களே.