மச்சான் கடைசியாக வைத்த இடம்

மெக்கானிக்கின் விரல்கள் அவருடைய மூளையைவிட மூன்று நொடி முந்தியவை. இதைத் திறமை என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். வியாதி என்று அவர் மனைவி சொல்வார். இரண்டு கட்சியும் தோற்கவில்லை என்பதற்கு இந்த வரலாறே சான்று.

மிக்சி, மின்விசிறி, ஒலிபெருக்கி, பழைய ரேடியோ என்று எது செத்து வந்தாலும் அவர் கடையில் கிடத்தலாம். பாதியாவது பிழைத்துத் திரும்பும். குமிழ்களில் அவருக்குத் தனி ஈடுபாடு. திருப்பும்போது கரகரவென்று சத்தம் போடும் குமிழுக்குச் 'சளி பிடிச்சிருக்கு' என்பார். சுத்தம் செய்யும் ஸ்பிரேயை உள்ளே பீய்ச்சி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பத்துத் தடவை திருப்பினால் சளி போயிற்று. இருபத்தாறு ஆண்டுகளாக இதே மருந்து, இதே பத்தியம். நாளடைவில் நோயில்லாத குமிழ்களையும் அவர் விரல்கள் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை டாக்டர் இவருக்கு ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது, காற்று விடும் திருகை இவரே எட்டித் திருப்பிவிட்டார். அன்று குறித்த அளவின்படி அவர் இப்போது உயிரோடு இருப்பது மருத்துவத்துக்கே அவமானம்.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பகலில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். விடுமுறை நாட்களில் ஒரு பாட்டுக் குழுவில் கிட்டார் வாசிப்பவர். கல்யாணம் ஆகாதவர். கோபம் மட்டும் ஒரு குடும்பத்துக்கு ஆகும் அளவுக்கு உண்டு. வாழ்நாள் முழுக்கச் செருப்பே போட்டவர், ஆறு வருடத்துக்கு முன் ஒரு நிகழ்ச்சிக்காக ஷூ போட ஆசைப்பட்டார். கயிறு கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. நாற்பத்து நாலு வயது. துக்கம் கேட்க வந்தவர்களுக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்த அதே வாரத்தில், வாடகை அறையின் சொந்தக்காரர் சாமான்களைப் பழைய சாமான்காரனுக்குத் தள்ளிவிட்டு அறைக்கு வெள்ளையடித்துவிட்டார். கிட்டாரும் போயிற்று, அதோடு ஒட்டிப் பிறந்த பெடலும் போயிற்று.

பெடல் என்பது உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே கிடக்கும். காலால் மிதித்தால் கிட்டாரின் சாதுவான குரல் தொண்டை கட்டிக் கத்தத் தொடங்கும். எவ்வளவு கத்தல், எவ்வளவு கூர்மை, எவ்வளவு சத்தம் என்று தீர்மானிக்க மேலே மூன்று குமிழ்கள். வாசிப்பவனின் கை ஒரு பக்கம் என்றால், அந்த மூன்றும் நிற்கும் இடம் மறுபக்கம். இரண்டும் சேர்ந்ததுதான் அவன் குரல்.

தங்கைக்கு அண்ணன் குரல் என்று மிஞ்சியது ஒரு கல்யாண வீடியோ. அதில் அண்ணன் கண்ணை மூடுகிறார், வியர்க்கிறார், வளைகிறார். ஆனால் வீடியோக்காரர் கலையுணர்வு மிக்கவர். அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் இசையைப் போட்டு ஒட்டிவிட்டார். ஆறு வருடமாக அண்ணன் வியர்க்க வியர்க்கப் புல்லாங்குழல் ஊதிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு ஒரு பெல்ட் தேடிப் பழைய சாமான் சந்தைக்குப் போன மெக்கானிக், உடைந்த தொலைபேசிக்கும் முடி உலர்த்தும் கருவிக்கும் நடுவில் அதைப் பார்த்தார். பச்சைப் பெட்டி. குமிழ்கள் மேடையில் உருளாமலிருக்க மூன்றின் மேலும் குறுக்கே ஒரு வெள்ளை டேப். டேப்பின் மேல் பேனாவால், சாய்ந்த கையெழுத்தில்: 'தொட்டவன் கை வெளங்காது.'

மச்சான் கையெழுத்து. சக வாத்தியக்காரர்களுக்கு எழுதிய பொது அறிவிப்பு.

"இது என்னப்பா?" என்றார் மெக்கானிக், கொட்டாவி விடுவது போல் நடித்து.

"தெரியலண்ணே. காலால மிதிக்கிறது."

"வெல?"

கடைக்காரர் ஒரு விலை சொன்னார். பெல்ட்டோடு இயந்திரத்தையும் வாங்கிவிடலாம் போன்ற விலை.

"என்னான்னே தெரியாம எப்படிய்யா வெல சொல்ற?"

"எனக்குத் தெரியாட்டா என்ன? உங்க மூஞ்சிக்குத் தெரியுதே."

மறுபேச்சில்லாமல் வாங்கினார். பெல்ட்டை மறந்துவிட்டார்.

வீட்டில், மேசையில் வைத்ததும் மனைவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். தொடவில்லை.

"பாடுமா?"

"இப்ப பாடாது. பாட வைக்கலாம்."

"மூடி அடியிலதானே இருக்கு? அடியிலயே வேலையப் பாருங்க. மேல கை வைக்கக் கூடாது."

"வைக்க மாட்டேன்."

"அது அண்ணன் கடைசியா வச்ச எடம். அசைஞ்சுதுன்னா அப்புறம் யாரப் போய்க் கேக்குறது?"

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"சின்னப் பிள்ளைன்னா கையக் கட்டிப் போட்டுருவேன்."

மறுநாள் காலை கடையில், பெட்டியைக் குப்புறப் படுக்க வைத்து நான்கு திருகாணிகளையும் கழற்றினார். உள்ளே பேட்டரி வெடித்துப் பச்சைப் பூஞ்சை மாதிரி படர்ந்திருந்தது. வயர்கள் அரித்துப்போயிருந்தன. ஒரு மூலையில் மச்சானே எப்போதோ சொந்தமாக ஈயம் வைத்து ஒட்டியிருந்தார், சுண்டைக்காய் அளவுக்கு. "என்ன மச்சான் இது, ஒட்டுனீங்களா இல்ல அடைகாத்தீங்களா?" என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டு, மெக்கானிக் ஒரு கணம் நிறுத்தினார். பதில் வருமா என்று காத்திருந்ததாக அவரே பின்னால் ஒப்புக்கொண்டார்.

பூஞ்சையைத் துடைத்தார். வயர் மாற்றினார். மச்சான் வைத்த சுண்டைக்காயை அப்படியே விட்டார். கடையிலிருந்த ஒலிபெருக்கியோடு இணைத்து மிதித்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி உயிரோடிருந்தது. ஆனால் ஒலிபெருக்கியில் விடாமல் ஒரு கரகரப்பு, பக்கத்து அறையில் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பது போல.

சளி.

மேலே தொடாமல் அடியிலிருந்தே வைத்தியம் பார்க்கலாம் என்று முடிவெடுத்தார். இந்த முடிவை எடுத்தது மூளை, அதில் குற்றமில்லை. ஸ்பிரேயின் நீண்ட மூக்கை உள்ளே விட்டு, மூன்றுக்கும் ஒவ்வொரு பீய்ச்சு. மருந்து அடியில் நிற்கவில்லை. தண்டு வழியாக ஏறி மேலே கசிந்து, ஆறு வருடமாகக் காய்ந்த பசையை அரை நிமிடத்தில் கரைத்தது. பெட்டியை நிமிர்த்தியபோது டேப் தானாக அவர் கையோடு வந்தது. இனி நடந்ததெல்லாம் விரல்களின் ராஜ்யம். டேப்பை உருட்டிக் கூடைக்குள் எறிந்தன. முதல் குமிழைப் பிடித்தன. இந்தக் கோடி, அந்தக் கோடி. இரண்டாவதைப் பிடித்தன. மூன்றாவதைப் பிடித்தன. ஒன்பதாவது திருப்பில் கரகரப்பு சுத்தமாக நின்றது. பத்தாவது திருப்பில் மூளை வந்து சேர்ந்தது.

கடையில் அப்படியொரு அமைதி அதுவரை இருந்ததில்லை. பக்கத்து அறையில் செருமிக்கொண்டிருந்தவர் எழுந்து போய்விட்டார்.

அந்த நிமிடத்திலிருந்து அவர் கை சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. டீ கிளாஸ் நழுவியது. ஈயம் வைக்கும் கம்பி, ஈயத்தை விட்டுவிட்டுக் கட்டைவிரலைத் தேடியது. அலமாரியில் வரிசையாக நின்ற ரேடியோக்களின் குமிழ்கள் எல்லாம் ஒரே திசையில் திரும்பித் தன்னைப் பார்ப்பதாகத் தோன்றி, அவற்றைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். குடல் முழுவதும் எடுக்கப்பட்டு வெறும் கூடாக இருந்த ஒரு ரேடியோ, மதியம் ஒருமுறை செருமியது. பகுத்தறிவுள்ள மனிதர் என்பதால் அதைத் திறந்து பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை. பகுத்தறிவுள்ள மனிதர் என்பதால் அன்று கடையைச் சீக்கிரம் சாத்தினார்.

சாத்துவதற்கு முன் செய்யக்கூடாத இன்னொன்றையும் செய்தார். கூடையிலிருந்து டேப் உருண்டையை எடுத்து, நீவி, புதுப் பசை தடவி ஒட்டினார். குமிழ்களை எங்கே வைப்பது? மூன்றையும் நட்டநடுவில் வைத்தார். பாதி என்பது யார் மனதையும் புண்படுத்தாத இடம்.

"டேப்பு கசங்கியிருக்கே" என்றார் மனைவி.

"வயசாயிடுச்சுல்ல."

"டேப்புக்கா, உங்களுக்கா?"

அவர் சிரிக்க முயன்றார். அந்தச் சிரிப்பிலும் கரகரப்பு இருந்தது.

ஞாயிறு பிற்பகல், மச்சானோடு அதே குழுவில் வாசித்த பழைய கூட்டாளி கிட்டாரோடு வந்தார். இப்போது பல்செட் செய்கிறவர். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைப் பார்ப்பார். மெக்கானிக்கின் வாயைப் பார்த்து, "மாப்ள, ராத்திரியில பல்லக் கடிக்கிறீங்க. மனசுல என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல. வாசிங்க."

மனைவி சுவரோரம் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டார். பல்செட்காரர் பெடலை மிதித்து, மச்சான் வழக்கமாகத் தொடங்கும் விதத்தில் தொடங்கினார். ஒலி வந்தது. குறை சொல்ல முடியாத ஒலி. இரண்டு நிமிடத்தில் பல்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவனேதான் தங்கச்சி! அப்படியே அவன்!"

"இல்ல" என்றார் மனைவி.

"இல்லியா?"

"யாரோ நல்ல பையன் வாசிக்கிற மாதிரி இருக்கு. எங்கண்ணன் நல்ல பையன் இல்ல."

பிறகு அவர் பெடலைப் பார்க்கவில்லை. புருஷனைப் பார்த்தார். மெக்கானிக் ஒன்றுவிடாமல் சொன்னார்: ஸ்பிரே, பசை, பத்துத் தடவை, கூடை, பாதி. பல்செட்காரர், அப்படி நுணுக்கமாகப் பார்க்க என்ன இருந்ததோ, வாசலில் கிடந்த தன் செருப்பையே பார்த்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்தார்.

"கிட்டார் இருக்கட்டும்ண்ணே" என்றார் மனைவி. "அப்புறமா வந்து எடுத்துக்குங்க."

"உன்னோடதுன்னே வச்சுக்கம்மா" என்று படியிறங்கிவிட்டார்.

"முதல்ல எந்தப் பக்கம் திருப்பினீங்க?" என்றார் மனைவி, புருஷனிடம்.

"எனக்குத் தெரியல. கைக்குத்தான் தெரியும்."

மனைவி அந்தக் கையைப் பார்த்த பார்வையில், அதைத் தனியாகக் கூட்டிப்போய் விசாரிக்க முடியாதா என்ற ஏக்கம் இருந்தது. "ஆறு வருஷமா அண்ணன் செத்துட்டார்னுதான் சொல்லிட்டிருந்தேன். இப்பத்தான் செத்தாப்புல இருக்கு" என்றார். சண்டை போட்டிருந்தால் மெக்கானிக் தாங்கியிருப்பார். போடவில்லை. சாப்பிட வாங்க, கதவச் சாத்துங்க என்ற அளவில் மூன்று நாள் போயிற்று.

நான்காம் நாள் மனைவி அந்த இடத்தைத் தேடத் தொடங்கினார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆறு கம்பியையும் கட்டைவிரலால் ஒருமுறை வருடுவார். கேட்பார். ஏதாவது ஒரு குமிழை மயிரிழை நகர்த்துவார். மறுபடி வருடுவார். தோற்ற இடங்களைப் பழைய காலண்டர் தாளின் முதுகில் கடிகார நேரமாகக் குறித்தார்: பத்து, ரெண்டே கால், நாலு. மெக்கானிக் அதைப் பார்த்து, மாத்திரை சாப்பிடும் நேரம் என்று நினைத்துக் கவலைப்பட்டார். இப்படி மூன்று குமிழுக்கு எத்தனை இடங்கள் என்று கடையில் உட்கார்ந்து ஒருநாள் கணக்குப் போட்டார். அந்தக் கணக்கை முடிக்க மனைவிக்கு இன்னும் இரண்டு ஜென்மம் வேண்டியிருந்ததால் தாளைக் கிழித்துப் போட்டார்.

தினமும் அதே ஆறு கம்பி. மேல் வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தப் பழகிக்கொண்டார்கள். மெக்கானிக் வீட்டுக்குள் கையைக் கக்கத்தில் சொருகிக்கொண்டு நடந்தார். அண்ணனும் தங்கையும் இருக்கும் அறையில் அவர் மூன்றாம் மனிதர்.

ஐந்தாவது வாரத்தில் ஒரு மதியம். சாப்பிட வந்தவர் மாடிப்படியின் திருப்பத்தில் கால் வைத்தபோது, மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அந்த ஒலி வந்தது. சிரித்துக்கொண்டே திட்டுவது போல. திட்டிவிட்டு, இன்னும் இருக்கிறது என்று மூச்சிழுப்பது போல. மெக்கானிக்கின் கைமயிர் மொத்தமும் எழுந்து நின்றது. சங்கீதத்தில் அவர் ஔரங்கசீப். ஆனாலும் இந்த ஒலியை அவர் எங்கே வேண்டுமானாலும் அடையாளம் சொல்வார். மச்சானின் நிகழ்ச்சிகளில் ஒலிபெருக்கிகளைப் பார்த்துக்கொண்டது அவர்தான். மண்டபத்துக்குப் பின்னால், சுவருக்கு வெளியே நின்றபடி. பதினோரு வருடம் மச்சானை அவர் சுவருக்கு அப்பாலிருந்து மட்டுமே கேட்டிருக்கிறார்.

அடுத்த வருடலில் அது இல்லை. வேறு யாரோ.

இரண்டிரண்டு படியாகத் தாவிக் கதவைத் தள்ளினார். "இப்ப வந்தாரு! இப்ப, இந்த நிமிஷம்! எங்க வச்சிருந்த?"

மனைவியின் கை குமிழில் இருந்தது. "எப்ப?"

"இதுக்கு முந்தி."

"இதுக்கு முந்தியா?" அவர் பெட்டியைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அது இல்லன்னு தோணிச்சு. குறிக்காமக்கூட மூணையும் மாத்திட்டேனே."

"உனக்குக் கேக்கலையா?"

"நீங்க எங்க நின்னு கேட்டீங்க?"

"படியில."

மனைவி எழுந்தார். ஐந்து வாரத்தில் முதல்முறையாக அவருடைய கையைப் பிடித்தார். பிடித்துக் கூட்டிவந்து, கதவுக்கு வெளியே விட்டார்.

"போங்க. அதே படியில நில்லுங்க. நான் உள்ள தேடுறேன். நீங்க வெளிய கேளுங்க."

"சாப்பாடு?"

கதவு சாத்திக்கொண்டது.

இப்போதெல்லாம் மதியம் ஒரு மணிக்கு அந்தத் திருப்பத்தில் ஒரு மனிதர் சுவரில் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். "இன்னும் கொஞ்சம் கூட்டு... வர்றாரு, வர்றாரு... ஐயோ, தாண்டிட்ட! பின்னால வா!" என்று கத்துவார். உள்ளிருந்து, "கத்தாதீங்க, ஓடிறப் போறாரு" என்று பதில் வரும்.

மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒருநாள் பையோடு ஏறும்போது வழிவிடச் சொல்லிவிட்டு, "யாரத் தேடுறீங்க?" என்றார்.

"மச்சான. இங்கதான் எங்கேயோ இருக்காரு."

அந்த மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். படியில் வேறு யாருமில்லை. கதவுக்குப் பின்னால் யாரோ ஒருமுறை செருமினார்கள். புதியவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல் மீதிப் படிகளை ஏறினார்.