இடது கை அடங்கிய நாள்

உலகத்தில் எல்லா ஊரிலும் நன்றாக ஆடுகிறவனைக் கொண்டாடுவார்கள். பசிபிக் கடலில் இருக்கும் எங்கள் அபெமாமாத் தீவில் நன்றாக நிற்கிறவனைக் கொண்டாடுவோம். ஆண்கள் வரிசையாக நின்று இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுவார்கள். பின்னால் உட்கார்ந்திருக்கும் கூட்டம் பாட, பாட்டு ஏற ஏற உடம்பு பொங்கும். ஆனால் தாளத்தின் அடி விழும்வரை ஒரு விரல்கூட அசையக் கூடாது. அசைந்தால் பக்கத்துக் கிராமத்தார் அதைச் சொல்லிச் சொல்லியே பத்து வருஷம் சிரிப்பார்கள்.

அப்படி நிற்பதில் மோவானிபாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. தென்னம்பாளை சீவுவது பிழைப்பு. மரத்து உச்சியில் பாடிக்கொண்டே சீவுவான். குரல் சுமார்தான், கீழே போகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு கிண்டல் செய்வார்கள். அவன் இறக்கும் பதநீரை மனைவி தெக்காருவா பாகாகக் காய்ச்சுவாள். பாகு கரைத்த தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். ஐம்பது வயதிலும் முன்வரிசையில் நடு இடம் அவனுக்குத்தான்.

கிராமத்தில் புது மனேயாபா கட்டி முடிந்திருந்தது. ஊர் கூடிப் பேசவும் உண்ணவும் ஆடவும் அந்தக் கூடம்தான். திறப்பு விழாவுக்கான ஒத்திகையின்போது மோவானிபாவின் இடது கை தானாகத் துள்ளியது. முதலில் விரல்கள், அப்புறம் தோளோடு சேர்த்து ஒரு வீச்சு. பக்கத்தில் நின்ற பாத்தியேராவின் காதில் பளாரென்று விழுந்தது.

"ஏண்டா அடிக்கிற?"

"நான் அடிக்கலடா! அதுவா போகுது!"

ஆட்டத் தலைவர் கைதாவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆட்டத்தோட சக்தி இறங்கிருச்சுடா உனக்கு! குடுத்து வெச்சவன்டா நீ!"

பாட்டு உச்சத்துக்குப் போகும்போது எங்களில் சிலர் அழுவார்கள், நடுங்குவார்கள். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மோவானிபாவுக்கே அன்று சாயங்காலம் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. சக்தி வந்தவனுக்குத் தெம்பு வேண்டுமென்று வீட்டுக்கு வீடு பாகுத் தண்ணீர் கொடுத்தனுப்பினார்கள். அவனுக்கும் தாகம் தாங்கவில்லை. ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

கை மோசமாகிக்கொண்டே போனது. சாப்பிட உட்கார்ந்தால் தட்டு பறக்கும். வறுத்த மீன் பக்கத்து வீட்டு நாய்க்குப் போய்ச் சேரும்.

"அந்த நாய் உன்னைத்தான் தினமும் வேண்டிக்குது" என்றான் பாத்தியேரா. மோவானிபா சிரிக்கவில்லை. இந்தக் கையோடு கத்தியைப் பிடித்து மரம் ஏற முடியாது. இந்தக் கையோடு வரிசையில் நிற்கவும் முடியாது. அவை இரண்டும் போனால் தன்னிடம் என்ன மிச்சம் என்று நினைத்துக்கொண்டான்.

ஒரு மதியம் அவன் கண்ணயர்ந்திருந்தான். ஓயாமல் விசிறிய கை பாயில் சாதுவாகக் கிடந்தது. தெக்காருவா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் விழித்ததும் கை மறுபடி கிளம்பியது.

"சக்தி மத்தியானம் தூக்கம் போடுமாய்யா? எழுந்திரு, கிளினிக் போகலாம்."

நர்ஸ் தராயா விரலில் குத்திப் பார்த்தாள். சர்க்கரை அளக்கும் கருவி எண்ணைக் காட்டவில்லை. அளவுக்கு மீறி இருக்கிறது என்று மட்டும் காட்டியது. உடனே டாக்டருக்குப் போன் போட்டாள். பேசி முடித்து வந்து, அவன் என்னென்ன சாப்பிட்டான், குடித்தான் என்று தெக்காருவாவிடம் விசாரித்துக்கொண்டே ஊசி போட்டாள்.

"சர்க்கரைக்கும் கைக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்றான் அவன்.

"அண்ணே, மனேயாபால எல்லாரும் ஒரே நேரத்துல பேச எழுந்திரிச்சா என்ன ஆகும்?"

"பெரியவங்க அதட்டி உக்கார வெப்பாங்க. ஒருத்தரைத்தான் பேச விடுவாங்க."

"மூளைக்கு அடியிலயும் அப்படிப் பெரியவங்க இருக்காங்க. சின்னச் சின்ன நரம்பு முடிச்சுங்க. உடம்புல ஆயிரம் அசைவு எழுந்திரிக்கப் பாக்கும். வேணுங்கிறதை மட்டும் விட்டுட்டு மத்ததை அடக்கிருவாங்க. உங்களுக்குச் சர்க்கரை ஏறி, இடது கையைப் பாத்துக்கிற வலது பக்கத்துப் பெரியவங்க மயங்கிட்டாங்க. அதான் இடது கை இஷ்டத்துக்கு ஆடுது."

"திரும்ப அடங்குமா?"

"சர்க்கரை இறங்கினா அநேகமா அடங்கும். சத்தியம் பண்ண மாட்டேன். அது சரி, இவ்வளவு பாகுத் தண்ணிய யாரு குடுத்தது?"

"ஊரே குடுத்துச்சு" என்றாள் தெக்காருவா.

"நல்ல ஊரு! அன்பாலயே ஆளை அனுப்பி வெச்சிருப்பீங்க."

செய்தி பரவியதும் ஊர் வெட்கப்பட்டது. வெட்கப்பட்டதோடு நிற்கவும் இல்லை. பாகு வந்த வீடுகளிலிருந்தெல்லாம் சுட்ட மீன் வந்தது. காதில் அடிவாங்கிய பாத்தியேராவே மோவானிபாவின் மரங்களில் ஏறிப் பாளை சீவினான். பாட்டும் பாடினான், அது மோவானிபாவின் குரலைவிடக் கொடுமை. கைதாவாவோ ஒத்திகையில் நடு இடத்தைக் காலியாகவே விட்டு வைத்தார். வேறு ஆளைப் போடச் சொன்னவர்களிடம், "அவன் எடம் அவனுக்குத்தான். பொத்திக்கிட்டுப் பாடுங்க" என்றார். இதைக் கேள்விப்பட்டு மோவானிபா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதான். இத்தனை பேருக்கு என்ன செய்தோம் என்று இருந்தது.

ஊசியும் மாத்திரையும் தொடர, வீச்சு துள்ளலாகி, துள்ளல் துடிப்பாகி, வாரங்கள் போய் ஒரு காலையில் கை மடியில் சும்மா கிடந்தது. சும்மா கிடப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. ஐம்பது வருஷமாக யாரோ உள்ளே உட்கார்ந்து, கூலி கேட்காமல், அவனுக்காக அடக்கிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வலது கையால் இடது கையைத் தடவிக் கொடுத்தான். அதற்கு நன்றி சொன்னான், வாய்விட்டே.

விழா அன்று நடு இடத்தில் நின்றான். கைகளை நீட்டினான். பக்கத்துக் கிராமத்தார் அவன் இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட்டு ஏறியது. கூரை அதிர்ந்தது. கை அசையவில்லை. சிரிக்கக் காத்திருந்தவர்களே எழுந்து நின்று கத்தினார்கள்.

மனதுக்குப் பிடித்த ஆட்டக்காரனுக்குக் கூட்டத்திலிருந்து போய்ப் பவுடர் பூசுவது எங்கள் வழக்கம். தெக்காருவா எழுந்து வந்தாள். அவன் கழுத்தில் பூசினாள்.

"அசைஞ்சிராதய்யா" என்று முணுமுணுத்தவள், அடக்க முடியாமல் விசும்பிவிட்டாள்.

அவளை அப்படியே இழுத்து அணைத்துக்கொள்ள வேண்டும் என்று இடது கை கேட்டது. 'இரு' என்றான். இருந்தது.