கத்திரி வெட்டிய நாற்பது நிமிடம்

ஆராய்ச்சி நிலையத்தில் அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கைபேசி, விமானம், வெல்டிங் மிஷின் என்று கண்டதும் ரேடியோ தொலைநோக்கிக்குள் புகுந்து இரையும். அந்த இரைச்சலைத் திரையில் கண்டுபிடித்து வெட்டி எறிவது அவள் வேலை. பதினோரு வருடமாகத் தற்காலிகம். நிரந்தரமானால் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். அக்கா வீட்டு ஹாலில் பாயைச் சுருட்டி வைக்கும் பிழைப்பு ஒழியும்.

அன்று பார்த்துக்கொண்டிருந்தது ஒரு மைக்ரோகுவேசாரை. பக்கத்து நட்சத்திரத்தை உறிஞ்சித் தின்னும் கருந்துளை அது. எப்போதாவது, விழுங்காமல் மிஞ்சியதை இரு பக்கமும் தாரையாகப் பீய்ச்சும். மாதக்கணக்கில் தூங்குமூஞ்சியாய்க் கிடந்ததன் சிக்னல், மதியம் திரையில் மடமடவென்று ஏறியது. நாற்பது நிமிடம் அப்படி.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, வானில் எப்போதும் ஒரே அளவில் ரேடியோ அலை வீசும் வேறொரு மூலத்தின் பக்கம் தொலைநோக்கியைத் திருப்பிச் சரிபார்ப்பார்கள். கருவியில் கோளாறு என்றால் அதுவும் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

சாப்பிட்டுவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்த நிலையத் தலைவர் முன்னால் போய் நின்றாள்.

“சார், இது இரைச்சல் மாதிரி இல்ல. சரிபார்க்கிற மூலம் அப்படியேதான் இருக்கு.”

“அம்மா எதுல டாக்டர் பட்டம் வாங்கினீங்க?”

பக்கத்து மேஜைகள் சிரித்தன. பள்ளிக்கூடத்தையே முடிக்காதவள் அவள்.

“ஏறினா வெட்டு. அதுக்குத்தானே உன்னை வச்சிருக்கோம்?”

வெட்டினாள். இடம் போதவில்லை என்று அந்த வாரமே அசல் பதிவையும் அழித்துவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து வேறொரு நாட்டுக்காரர்கள் படம் வெளியிட்டார்கள். அதே கருந்துளை இரு பக்கமும் பீய்ச்சிய இரண்டு பொட்டுகள், நாளுக்கு நாள் விலகிப் போயின. பின்னோக்கிக் கணக்குப் போட்டால், அவை கிளம்பியது அந்த மதியம். கிளம்பும்போது பார்த்தவள் உலகத்திலேயே கத்திரி ஒருத்திதான்.

தலைவர் கூப்பிட்டனுப்பினார். கதவைச் சாத்தினார். “உட்காரும்மா” என்றார், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக.

“அன்னிக்குப் பதிவு எங்கன்னு மேலிடத்துல குடையறாங்க. யாரையும் கேக்காம வெட்டிட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. இந்த மாசமே நீ நிரந்தரம். நான் பாத்துக்கறேன்.”

“கேட்டேனே, சார்.”

“யாரு பாத்தாங்க?”

சிரித்த மேஜைகளிடம் போய்க் கேட்டாள். ஒருவருக்கும் ஞாபகமில்லை.

“ரெண்டு வரிதானேடி!” என்றாள் அக்கா. “உண்மையைக் கட்டிக்கிட்டு இன்னும் எத்தனை வருஷம் என் ஹால்ல உருளப்போற?”

அக்கா புருஷன் டி.வி. சத்தத்தைக் கூட்டினார்.

எழுதிக் கொடுத்தாள். தலைவர் சொன்ன சொல் மாறவில்லை. உத்தரவு வந்தது: நிரந்தரம், ஒற்றை அறை குவார்ட்டர்ஸ், வேலை ஸ்டோர் ரூமில். கேட்காமல் பதிவை வெட்டியதாகத் தானே ஒப்புக்கொண்டவரை இனித் திரை முன்னால் உட்காரவைக்க முடியாது என்று காரணமும் போட்டிருந்தது.

அவள் நாற்காலிக்குப் புதிதாக வந்த பெண், ஒருநாள் மவுஸ் வாங்க ஸ்டோருக்கு வந்தாள்.

“அக்கா, கேக்காம வெட்டினது நீங்கதானாமே?”

“ஆமா” என்று ஸ்டோர் நோட்டையும் பேனாவையும் நீட்டினாள். “இங்க ஒரு கையெழுத்துப் போடு.”