பிள்ளையாரின் அரை மணித்தியாலம்

புத்தக அலுமாரியைத் தூசி தட்டுகிறேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு புத்தகத்தை எடுத்து நின்ற நிலையிலேயே வாசித்துக்கொண்டிருந்தேன். நடுவிலிருந்து ஒரு கல்யாண அழைப்பிதழ் விழுந்தது. மஞ்சள் அதன் பிறவி நிறமா, வயதால் வந்ததா என்று சொல்ல முடியவில்லை. என் பற்களைப் பற்றியும் எனக்கு அதே சந்தேகம் உண்டு. அந்த மணமக்களின் மகனுக்கே இப்போது முன்தலை வழுக்கை. முகூர்த்த வரியில் கண் நின்றது: காலை 9.10 பழைய நேரம், 9.40 புதிய நேரம்.

இதை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கடினம். ஒரு காலத்தில் நாட்டின் மணிக்கூடுகளை எல்லாம் முன்னே தள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காம். மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்திலும் நாங்கள் ஒழுங்காகத் தள்ளினோம். முதலில் ஒரு மணித்தியாலம் தள்ளினார்கள், சில மாதத்தில் அரை மணித்தியாலத்தைத் திருப்பித் தந்தார்கள். மற்ற அரை மணித்தியாலம் பத்து வருடம் எங்களோடு குடியிருந்தது. பள்ளிக்கூடம், பஸ், ஊரடங்கு எல்லாம் புதிய நேரம். கோயில், கல்யாணம், செத்தவீடு பழைய நேரம். ஒருவர் நாலு மணிக்கு வருகிறேன் என்றால், எந்த நாலு மணி என்று கேட்பது மரியாதை.

அழைப்பிதழை மூக்கருகே கொண்டுபோனேன். பழைய கடதாசி மணம்தான். எனக்கோ இலுப்பெண்ணெய் மணத்தது. காரணம் யோகம் ரீச்சர்.

பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். தென்மராட்சியிலிருந்து ஒரு சைக்கிள், ஒரு சூட்கேஸ், உலகத்தைத் திருத்தும் எண்ணம் ஆகியவற்றோடு வந்து சேர்ந்தேன். சூட்கேஸ் மட்டும் நீண்ட நாள் உழைத்தது. அங்கே கணிதம் படிப்பித்தவர் யோகம் ரீச்சர். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்யவில்லை, வயதான தகப்பனோடு இருந்தார். நான் வாடகைக்கு இருந்த அறை அவர்கள் வீட்டுக்கு அடுத்த வளவு. எண்ணெய் என்றைக்குக் கிடைக்கிறதோ அன்றைக்கே வாங்கவேண்டிய காலம் என்பதால், அவருடைய கைப்பையில் எப்போதும் ஒரு இலுப்பெண்ணெய்ப் போத்தல் இருக்கும். அதே பையில்தான் பிள்ளைகளின் கொப்பிகளும் போகும். ஒன்பதாம் வகுப்புக் கணிதக் கொப்பிகள் எண்ணெய் பட்டுக் கண்ணாடி போலாகி, ஒரு கணக்கைப் பார்த்தால் அடுத்த பக்கத்துக் கணக்கின் விடையும் தெரியும். இரண்டையும் பிழையாகச் செய்த மாணவர்களும் இருந்தார்கள்.

எண்ணெய், ஊர்ப் பிள்ளையார் கோயிலுக்கு. இடம்பெயர்ந்து போன ஐயர் குடும்பம் திரும்பி வரவில்லை. பூசை இல்லை. உள்ளே போக ரீச்சர் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் வாசலில் தொங்கிய தூண்டாமணி விளக்கை அந்த ஐயர் முன்பு தினமும் மாலை ஆறரைக்கு ஏற்றுவார். வேறொரு ஐயர் வரும்வரை அதை ஒரு மாலையும் ஏற்றாமல் விடக் கூடாது என்று ரீச்சர் நேர்ந்துகொண்டார். ஆறரை என்றால் பழைய ஆறரை. புதிய நேரத்தில் அது ஏழு. ஏழு மணிக்கு ஊரடங்கு. வீட்டுக்கும் கோயிலுக்கும் நடுவில், சந்தியில், இராணுவத்தின் காவல் சென்றி. பிரச்சினை இவ்வளவுதான்.

சமூகக்கல்வி படிப்பித்த சேர் ஒருநாள் ஆசிரியர் அறையில் சொன்னார்:

"ரீச்சர், நாடு முழுக்க மாத்தியாச்சு. பிள்ளையாருக்கும் ஒரு சுற்றுநிருபம் அனுப்பிவிடுங்கோவன்."

"அனுப்பலாம் சேர். ஆனா அவர் கையெழுத்து வைக்கமாட்டார். ஒரு கையிலை கொம்பு, மற்றக் கையிலை மோதகம்."

"அரை மணித்தியாலம் முந்தி ஏத்தினா என்ன குறைஞ்சு போச்சு?"

"வெளிச்சம் இருக்கேக்கை விளக்கேத்திறதெண்டா, அது எங்கடை வசதிக்கு ஏத்திறது."

ரீச்சர் இரண்டு கைகளிலும் மணிக்கூடு கட்டியிருந்தார். இடக்கையில் புதிய நேரம், வலக்கையில் பழைய நேரம். நான் உட்பட எல்லோரும் சிரித்தோம். சிரித்த பாவத்துக்கு, "தம்பி, நீரும் ஒருநாள் வாருமன், காலாற" என்று என்னையும் கூப்பிட்டார். மறுக்கும் அளவுக்குக்கூட எனக்குத் துணிவில்லை, அப்படித்தான் போனேன்.

விளக்கேற்றித் திரும்பும்போது சென்றியில் மறித்தான் ஒரு சிப்பாய். மீசை முழுதாக முளைக்காத பெடியன், சனத்திடம் பொறுக்கிய நாலு சொல் தமிழ்.

"ஏழு மணி பிந்திட்டுது. போக ஏலாது."

ரீச்சர் வலக்கையை நீட்டினார். அவன் குனிந்து பார்த்தான். தன் கையையும் பார்த்தான்.

"இது பிழை."

ரீச்சர் இடக்கையையும் நீட்டினார். "இது சரி. அதுவும் சரி. இது உங்கடை நேரம், அது பிள்ளையாற்றை நேரம். நான் அவரிட்டைப் போட்டு வாறன்."

அவன் எவ்வளவு விளங்கிக்கொண்டானோ தெரியாது. நான் ரீச்சரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். கடைசியில் அவன் துவக்கால் வீட்டுப் பக்கம் காட்டினான். அடுத்த நாளும் மறித்தான், அடுத்த நாளும் இரண்டு கையும் பார்த்தான். ஒரு மாதத்தில் மறிப்பதை விட்டுவிட்டான். நான் வாரத்தில் இரண்டு நாள், மனம் வந்தால் போவேன்.

இனிச் சொல்லப்போவதை மனைவிக்கும் சொன்னதில்லை. மாரி தொடங்கிய நேரம், ரீச்சருக்குக் காய்ச்சல். அன்று பின்னேரம் அவருடைய தகப்பன் வேலிக்கு மேலால் எண்ணெய்ப் போத்தலைத் தந்தார். "தம்பி, இண்டைக்கு மட்டும் நீர் போவீரோ எண்டு பிள்ளை கேக்கிறா."

போனேன். சைக்கிளில் சந்திக்குக் கிட்டப் போனால் சென்றியில் வேறு ஆள். தலைக்கவசத்துக்குக் கீழே ஒரு புதிய முகம். என்னிடம் ஒரு மணிக்கூடுதான்; அதில் ஏழுக்கு எட்டு நிமிடம். திரும்பிவிட்டேன். வழியில் எண்ணெயை ஒரு கிளுவை வேலிக்கு ஊற்றினேன். அந்த வேலி அந்த வருடம் செழித்து வளர்ந்தது என்றால் கதைக்கு நல்லது. அதுவும் வளரவில்லை.

மறுநாள் காலை வெறும் போத்தலைக் கொடுக்கப் போனேன். படுத்திருந்தவர் கேட்டார்:

"ஏத்தினனீரோ தம்பி?"

"ஓம் ரீச்சர்."

"சந்தோசம்."

அவர் எழுந்து நடமாடிய நாள் தொடங்கி, மூன்று வருடம், மாற்றலாகித் தெல்லிப்பழைக்குப் போகும்வரை ஒரு மாலைகூடத் தவறாமல் அவரோடு போனேன். ஊரார் அதைப் பக்தி என்றார்கள். நான் மறுக்கவில்லை.

அந்த மூன்று வருடத்தில் நான் நாட்களை விரல்விட்டு எண்ணினேன்: மாற்றலுக்கு இத்தனை நாள், யுத்தத்தால் மூடிக்கிடந்த பாதை திறக்க இத்தனை நாள். எண்ண எண்ண நாள் நகரவில்லை. பிறகு எண்ணுவதை மறந்தேன். அன்றிலிருந்து வருடங்கள் பிடரியில் கால்பட ஓடத் தொடங்கின. ஒரு சித்திரையில் நாட்டின் மணிக்கூடுகளைப் பழையபடி பின்னுக்குத் திருப்பச் சொல்லி அடுத்த உத்தரவு. ரீச்சர் நினைவு வந்து, பார்க்கப் போனேன். இடக்கை வெறுமையாக இருந்தது. மணிக்கூடு இருந்த இடத்தில் தோல் வெளுத்து, வளையம் போல ஒரு தடம்.

"வெண்டிட்டியள் ரீச்சர். நாடே உங்கடை நேரத்துக்கு வந்திட்டுது."

"நான் என்னத்தை வெண்டனான்? பேசாமல் நிண்டனான், அவை சுத்தி வந்திட்டினம்."

"பத்து வருசம். எப்பிடி ஏலுமாய் இருந்தது?"

"பத்து வருசத்துக்கு ஆர் ஏத்தினது? நான் அண்டண்டைக்கு ஒரு விளக்குத்தான் ஏத்தினனான். மற்றது பிள்ளையாற்றை பாடு." தேத்தண்ணியை என் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னார்: "ஒரு நாளும் தவறேல்லை எண்டதுதான் என்ரை மனநிறைவு."

அப்போது சொல்லியிருக்கவேண்டும். தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்தேன். அந்த வருடமே கோயிலுக்கு ஒரு ஐயர் கிடைத்தார். தகப்பன் இறந்த பிறகு ரீச்சரைத் தங்கை கனடாவுக்குக் கூப்பிட்டுக்கொண்டாள்.

அழைப்பிதழ் விழுந்த அன்று மாலை அவருக்குப் போன் எடுத்தேன். எழுபது தாண்டியும் குரல் மாறவில்லை. உங்கை இப்ப எத்தினை மணி என்று கேட்டேன்.

"காலமை எட்டு. இஞ்சை வருசத்துக்கு ரெண்டு தரம் மாத்துறாங்கள் தம்பி. ஒருத்தரும் ஏனெண்டு கேக்கிறேல்லை."

அவர் சிரித்த சிரிப்பு ஓய்வதற்குள் சொல்லிவிட்டேன். காய்ச்சல், புதிய முகம், கிளுவை வேலி, எல்லாம். உங்களுடைய அத்தனை நாளில் ஒரு நாள் என்னால் இருட்டாய்ப் போனது என்றேன். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

"அண்டைக்கும் எரிஞ்சது" என்றார். "உம்மடை சைக்கிள் சத்தம் படலையடியிலை கேட்டது. போன கெதியிலை திரும்பீட்டீர். அந்தச் சைக்கிளாலை அவ்வளவு கெதியாய்ப் போய்வர ஏலாது. கணக்கு ரீச்சர் எல்லே நான். வீட்டிலை கிடந்த எண்ணெயோடை அப்பாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனனான்."

"சென்றி?"

"முகத்துக்கு ரோச் அடிச்சுப் பாத்தான். காய்ச்சற்காறியை என்ன செய்யிறது? விட்டிட்டான்."

என் வயதுக்கும் வழுக்கைக்கும் பொருந்தாத ஒரு குரலில் கேட்டேன், ஏன் அப்போதே சொல்லவில்லை என்று.

"சொன்னா நீர் வெக்கத்திலை பேந்து வந்திருக்கமாட்டீர். அப்பாவுக்கு நடக்க ஏலாமல் வந்துகொண்டிருந்தது. எனக்கும் அந்தச் சந்தியிலை பயந்தானே தம்பி. துணைக்கு ஒராள் வேணுமாய் இருந்தது."

அவருக்கும் பயம் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். இத்தனை காலமும், பயம் எனக்கு மட்டும் தரப்பட்ட சொத்து என்று நினைத்திருந்தேன்.

போன கிழமை அந்தப் பக்கம் போயிருந்தேன். சென்றி நின்ற இடத்தில் போன் திருத்தும் கடை. கோயிலுக்குப் புதுப் பூச்சு, மணியும் மேளமும் தானாக அடிக்கும் இயந்திரம். வாசல் விளக்கில் எண்ணெய் இல்லை, ஒரு எல்.ஈ.டி. பல்பு, அதற்கு நேரம் குறித்துவைத்த ஒரு கருவி. ஆறரைக்குச் சொல்லிவைத்தாற்போல் எரிந்தது. அதற்குப் பயமில்லை, துணைக்கு ஒருவரும் போகத் தேவையில்லை.