பட்டியலில் நான்கு காலி வரிகள்

எழுபதுகளில் மெட்ராஸ் யூனிவர்சிட்டியில் இதழியல் படித்தேன். புலனாய்வுப் பாடம் எடுத்த பேராசிரியர், "லீவுல ஊருக்குத்தானே போறீங்க? அங்கே மறைக்கிற விஷயம் ஒண்ணைக் கண்டுபிடிச்சு எழுதிட்டு வாங்க" என்றார். அந்தமானில் எங்கள் ஊரான மாயாபந்தரில் வந்து இறங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரையே கிழித்துத் தொங்கவிடப் போகிற நினைப்பு!

கிடைத்த விஷயம் இதுதான். போர்ட் பிளேர் கப்பலுக்கு முதல் நாள் மாலையே கப்பல்துறை ஜெட்டியில் பயணிகள் பட்டியலை ஒட்டுவார்கள். இடம் கிடைக்காதவர்கள் அடுத்த கப்பலுக்குக் காத்துக் கிடக்க வேண்டும். ஆனால் பட்டியலின் கடைசி நான்கு வரி எப்போதும் காலி. காலையில் பார்த்தால் அந்த நான்கு இடத்திலும் ஆள் இருக்கும். டீக்கடைக்காரர், "எல்லாம் வேண்டியவங்களுக்குத்தான்" என்றார். போலீஸ்காரர், "ஹம்கோ க்யா மாலூம், எனக்கென்ன தெரியும்" என்று நழுவினார். கப்பல் மாலுமிகளின் தலைவரான சாரங் மட்டும் சிரித்தார். "உங்க வீட்டுலயே கேளேன், மகளே."

பட்டியல் எழுதும் கிளார்க் என் அப்பா.

அப்பா இடத்தை விற்கிறாரா? தினமும் அவருக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட்டேன். கேட்க வாய் வரவில்லை. ஊரெல்லாம் வாயடித்தவளுக்கு வீட்டில் வாய்ப்பூட்டு.

அடுத்த கப்பல் நாளன்று, கையும் களவுமாகப் பிடித்துவிடுவோம் என்று நோட்டுப் புத்தகத்தோடு ஜெட்டிக்குப் போய் அப்பாவின் மேஜைக்குப் பின்னால் நின்றேன். உள்கிராமத்திலிருந்து ஒரு பெங்காலி நிறைமாதக்காரியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். போர்ட் பிளேர் ஆஸ்பத்திரிக்கான டாக்டர் சீட்டை வாங்கிய அப்பா, காலி வரியில் அவள் பெயரை எழுதினார். அடுத்த வரி, கால் முறிந்த ஒரு கிழவருக்கு.

"பீமார் ஆளு, சீக்குக்காரங்க, காலையிலதானே வர்றாங்க, முதல் நாளே எப்படிப் பேரெழுத?" என்றார் அப்பா, என்னைப் பார்த்து. "வெளிய சொன்னா ஊரே வயித்தைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கும்."

அப்பாடா! அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்பா என் நோட்டை எடுத்துப் புரட்டினார். "டீக்கடை, போலீஸ், சாரங். எல்லாரையும் கேட்டிருக்கே. எங்கிட்ட ஏம்மா கேக்கலே?"

"நீங்க ஆமான்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயமா இருந்துச்சுப்பா."

அவர் பேனாவை என்னிடம் நீட்டினார். "அதையும் எழுது."